ஆசா கி வார் தலைப்பில் வரும் "துண்டே அஸ்ராஜை கீ துனி": பௌடியை எந்த மெட்டில் பாடுவது?

கேள்வி (மெட்டுத்தேடி):

வணக்கம். சீக்கியரின் மறைநூலான குரு கிரந்த் சாஹிப்பில் ஆசா ராகப் பகுதியில் முதல் குருவான நானக்கின் "ஆசா கி வார்" அங் (பக்கம்) 462இல் தொடங்குகிறது. தலைப்பிலேயே "துண்டே அஸ்ராஜை கீ துனி" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. கர்நாடக இசை கொஞ்சம் தெரியும், ஹார்மோனியம் வாசிப்பேன். கேள்விகள் இவை:

துனி என்பது ராகமா, தாளமா, மெட்டா? ஆசா ராகத்தின் ஆரோகண அவரோகணம் ஆரபி மாதிரியே இருக்கிறதே, ஆரபி பிடிகளை வைத்தே பாடிவிடலாமா? ஒரு பௌடியில் (வாரின் ஒரு பாடற்பகுதி) நான்கு வரி முடிந்தபின் பாதி வரி மட்டும் தனியாக நிற்கிறது, அதைத் தாளத்தில் எப்படி உட்கார வைப்பது? இன்று குருத்துவாராக்களில் கேட்கும் மெட்டுதான் பழைய அஸ்ராஜ் பாட்டின் மெட்டா?

பதில் 1 (ஏட்டுவாசகன்):

துனி என்றால் மெட்டு. நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே "இன்ன பாட்டின் வர்ணமெட்டு" என்று போட்டிருப்பார்களே, அதே வேலைதான். ராகம் ஆசா. அந்த ராகத்துக்குள், அஸ்ராஜ் என்ற இளவரசனைப் பற்றி ஊர்ஊராகப் பாடப்பட்ட வீரப்பாட்டின் நடையில் பாடு என்பது கட்டளை. உடன்பிறந்தாரின் பகையால் கை வெட்டப்பட்டு, கிணற்றில் தள்ளப்பட்டு, பிழைத்து, வேறோர் ஊரில் அரசனாகி, பின்னால் போரில் வென்றவன் அவன் என்பது கதை. துண்டா என்றால் கை இழந்தவன்.

வார் என்பது பஞ்சாபின் போர்ப்பாட்டு வடிவம். கிரந்தத்தில் 22 வார்கள் இருக்கின்றன. குருமார்கள் இயற்றியவை 21, பல்வந்த், சத்தா என்ற பாடகர்கள் இயற்றியது ஒன்று. இந்த 22இல் ஒன்பதுக்கு மட்டும்தான் துனி குறிக்கப்பட்டிருக்கிறது. மாஜ் என்ற ராகத்தின் வாருக்கு மலக் முரீத், சந்த்ரஹடா சோஹியா மெட்டு. கௌடி வார்களில் ஐந்தாம் குருவுடையதற்கு ராய் கமால்தீ மோஜ்தீ. ஆசாவுக்கு அஸ்ராஜ். கூஜரியில் மூன்றாம் குருவின் வாருக்கு சிக்கந்தர் பிராஹிம். வதன்ஸுக்கு லலா பஹ்லீமா. ராம்கலியில் மூன்றாம் குருவின் வாருக்கு ஜோதை வீரை பூர்பாணி. சாரங்குக்கு ராய் மஹ்மே ஹஸ்னே. மலாருக்கு ராணே கைலாஸ், மால்தே. கானடாவுக்கு மூஸே. எல்லாமே மண்ணுக்கும் மானத்துக்கும் நடந்த சண்டைகளின் பாட்டுகள். லலா பஹ்லீமா கதை, வறட்சியில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, பேசியபடி விளைச்சலில் பங்கு தர மறுத்ததால் மூண்ட தகராறு.

முக்கியமான ஒன்று. துனி பௌடிக்கு மட்டும்தான், அதற்கு முன் வரும் சிறு செய்யுளான சலோகத்துக்குக் கிடையாது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். வாரின் உடம்பு பௌடிகள். ஆசா வாரில் 24. பௌடி என்றால் ஏணிப்படி. பௌடிகளுக்கு முன்னால் உள்ள சலோகங்களை ஐந்தாம் குரு அர்ஜன் ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபோது (1604) பொருத்தி வைத்தார். வார்களில் இடம்பெறாமல் மிஞ்சிய சலோகங்கள்தான் அங் 1410 முதல் "சலோக் வாராங் தே வதீக்" என்ற பெயரில் தனியாக நிற்கின்றன. ஆகவே சலோகத்தைத் தாளமில்லாமல், நம் விருத்தம் மாதிரி, ஆசாவிலேயே நிதானமாகச் சொல்ல வேண்டும். பௌடி வந்ததும் தாளம் விழ வேண்டும். இந்த இரண்டு நடைக்கும் உள்ள வேறுபாடு காதில் விழாவிட்டால், வார் பாடியதாகவே ஆகாது.

கீர்த்தனையில் வரிசை இப்படி: முதலில் நான்காம் குரு ராம்தாஸின் ஆசா சந்த் (ஒரு பாடல் வகை) ஒரு பதம், பிறகு சலோகங்கள், பிறகு பௌடி. சந்த் பதங்களும் 24, பௌடிகளும் 24. இடையில் ராகிகள் (கீர்த்தனை பாடுவோர்) வேறு ஷபத்களை (கிரந்தப் பாடல்களை) சேர்த்துப் பாடுவதால்தான் அதிகாலைச் சௌக்கி (கீர்த்தனை அமர்வு) நீண்டுகொண்டே போகிறது.

பதில் 2 (தாளக்காரன்):

அரை வரிக்கு வருகிறேன். அதுதான் மெட்டின் சாவி என்பது என் கருத்து. இரண்டாம் பௌடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரி "நானக் ஜீஅ உபாய் கை, லிக் நாவை தரம் பஹாலியா". நான்கு வரி கழித்துக் கடைசியில் "லிக் நாவை தரம் பஹாலியா" மட்டும் திரும்ப வருகிறது. அதாவது முதல் வரியின் பின்பாதி. முதல் பௌடியில் இரண்டாம் வரியின் பின்பாதி, "கர் ஆஸண் டிட்டோ சாஉ", அதே போல் திரும்புகிறது. ஆகவே அந்த அரை வரிக்குப் புது மெட்டு தேட வேண்டாம். ஏற்கெனவே பாடிய பின்பாதியின் மெட்டையே கொடுத்து ஆதார சட்ஜத்தில் இறக்கி நிறுத்துங்கள்.

பயிற்சிக்கு எட்டு எண்ணிக்கை வையுங்கள். ஒவ்வொரு பாதி வரியும் எட்டில் அடங்க வேண்டும். எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரை என்றால் பாதி வரிக்கு 16 இடம். குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று நாம் எண்ணுகிற மாதிரியே எண்ணினால், இரண்டாம் பௌடி இப்படி வருகிறது: 13, 15. அடுத்த வரி 15, 14. மூன்றாவது 14, 15. நான்காவது 17, 15. கடைசி அரை வரி 15.

முதல் பாதியில் மூன்று இடம் மிச்சம். அதை "கை"யில் நீட்டுங்கள், மூச்சும் அங்கேதான். "பஹாலியா"வுக்குப் பின் ஒரே இடம்தான் மிச்சம், அங்கே மூச்சு எடுக்கப் போனால் அடுத்த வரி பிந்தும். சிக்கல் நான்காம் வரியில்: "தேரை நாய் ரதே ஸே ஜிண் கயே". 17 வருகிறது. "ஸே"யைக் குறிலாக்கிவிட்டால் சரியாக 16. நெடிலாகவே இழுத்தால் அடுத்த பாதியின் முதல் சொல்லான "ஹார்" அடிக்குப் பின்னால் தள்ளிப்போய், அந்த வரி முழுக்க நொண்டும். மொத்தக் கணக்கு: நான்கு வரிக்கு 64 எண்ணிக்கை, அரை வரிக்கு 8, ஆக 72. பாடாமல், கையில் தட்டிக்கொண்டு பத்து முறை வசனமாகச் சொல்லிவிட்டு அப்புறம் சுரம் போடுங்கள்.

தபலா வாசிப்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். பௌடி முழுக்க ஒரே கெஹர்வா (எட்டு எண்ணிக்கைத் தாளம்) ஓடிக்கொண்டே இருந்தால் பஜனை மாதிரி ஆகிவிடும். வரி பாடும்போது அடக்கம், வரிகளுக்கு இடையே திறந்த கையால் அடிக்கும் கனமான சொற்கள். அதுதான் வாரின் மிடுக்கு. பழைய முறையில் இதற்கு ஜோரி என்ற இரட்டைப் பறை வாசிப்பார்கள். நம் "ஜோடி" என்ற அதே சொல். இடது பறையின் முகத்தில் பிசைந்த கோதுமை மாவு அப்புவார்கள், மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புவது போல. மாவு காயக் காய நாதம் மெலிந்து சுருதி ஏறும், அதனால் ஈர விரலால் இடையிடையே தடவ வேண்டும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும், காயவிட்டால் தோல் கெடும்.

பதில் 3 (தந்திநாதம்):

ஆரபி பற்றி. சுர அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆசா ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஏழு சுரமும். எல்லாம் இந்துஸ்தானி வழக்கில் சுத்த ஸ்வரங்கள், நம் சங்கராபரணத்தின் சுரங்கள்தான். ஆனால் ஆரபி பிடிகளைக் கொண்டுவராதீர்கள். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் ஒட்டிக்கொண்டு போகிறவை, நிற்பதில்லை. ஆசாவில் இறங்கி வந்தபின் "ஸ ரி க ஸ" என்று ஒரு திருப்பம் உண்டு. அந்தக் காந்தாரம் தெளிவாகக் கேட்க வேண்டும், அதில்தான் ராகத்தின் முகம் இருக்கிறது. மத்யமத்தில் நின்று பழகுங்கள், அதுவே வாதி (முதன்மை) சுரம். ரி, ப இரண்டிலும் ஆரபி போலக் கனமாக உட்கார்ந்தால் பஞ்சாபிக் காதுக்கு வேறு ராகம்.

சுருதியை வழக்கத்தைவிட அரைக் கட்டை குறைத்து வையுங்கள். பௌடி பெரும்பாலும் மேல் பாதியில் நடக்கும், தார சட்ஜத்தில் தொண்டையைப் பிழிந்தால் 24 பௌடி தாங்காது. ஹார்மோனியத்தில் தைவதத்திலிருந்து தார சட்ஜத்துக்கு வழுக்கிப் போக முடியாது. வில்லால் வாசிக்கும் தில்ருபாவோ தாவூஸோ துணைக்கு இருந்தால் அந்த இழைவு கிடைக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் குரலை முன்னே விட்டு, கட்டையைத் தாமதமாக அழுத்துங்கள்.

பழைய மெட்டுதானா என்ற கேள்விக்கு: அந்தக் காலத்துச் சுரக்குறிப்பு எதுவும் இல்லை. காது வழியாக, ராகி பரம்பரைகளில் வந்தது. அதனால் ஒரே துனி இரண்டு பரம்பரைகளில் இரண்டு விதமாக இருக்கும். ஒரு பரம்பரையைப் பிடித்துக்கொண்டு 24 பௌடியும் அதிலேயே பாடுங்கள். இங்கே ஒரு வரி அங்கே ஒரு வரி என்று கலந்தால் அரை வரி வந்து சேராது.

மெட்டுத்தேடி:

மிக்க நன்றி, மாத்திரைக் கணக்கு கண்ணைத் திறந்தது. இரண்டு சந்தேகம். இந்தக் குறிப்புகளைக் குரு நானக்கே எழுதினாரா? வதன்ஸில் வரும் கோடீயாங், அலாஹணீயாங் பாட்டுகளுக்கு மெட்டின் பெயர் இல்லையே, அவற்றை எப்படிப் பாடுவது?

பதில் 4 (ஏட்டுவாசகன்):

மரபு சொல்வது, ஆறாம் குரு ஹர்கோபிந்த் (1606 முதல் 1644 வரை குரு) துனிகளைக் குறிக்கச் செய்தார் என்று. அகால் தக்த் என்ற சீக்கியப் பீடத்தில் அவர் முன் நத்தா, அப்துல்லா என்ற இருவர் வீரப்பாட்டுப் பாடினார்கள். ஒருவர் கையில் டட், மற்றவர் கையில் சாரங்கி. டட் என்பது அச்சு அசல் நம் உடுக்கை போல இடை சிறுத்த சிறு பறை, கயிற்றைப் பிடித்து இறுக்கித் தளர்த்தி, விரலால் தட்டுவது. இந்தப் பாணர்களுக்கு டாடிகள் என்று பெயர், இன்றும் நின்றுகொண்டே உச்சக் குரலில் பாடுவார்கள்.

மரபு சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாஜ் வாருக்குக் குறித்த மலக் முரீத், சந்த்ரஹடா இருவரும் அக்பர் காலத்துத் தளபதிகள் என்பது வழிவழிக் கதை. குரு நானக் மறைந்தது 1539, அக்பர் அரியணை ஏறியது 1556. அந்தக் கதை சரியென்றால் குறிப்பு பின்னால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பாண மரபோடு உறவு குரு நானக்கிடமே இருந்தது. அதே மாஜ் வாரின் கடைசிப் பௌடியில், வேலையற்றுக் கிடந்த டாடி நான், இறைவன் என்னை வேலையில் அமர்த்தினான் என்று அவரே பாடுகிறார்.

கோடீயாங் மணமகன் குதிரை ஏறும்போது பெண்கள் பாடும் கல்யாணப் பாட்டு. அலாஹணீயாங் நம் ஒப்பாரி. இங்கே வடிவத்தின் பெயரே மெட்டைச் சொல்லிவிடுகிறது, தனியாக ஒரு பாட்டைச் சுட்ட வேண்டியதில்லை. ஸ்ரீ ராகத்தில் இன்னொரு வகையும் உண்டு. கபீரின் ஒரு பாட்டுக்கு மேல் "ஏக் சுஆன் கை கர் காவணா" என்று இருக்கும். அதே ராகத்தில் "ஏக் சுஆன்" என்று தொடங்கும் குரு நானக்கின் ஷபத்தைப் போலப் பாடு என்று பொருள். கிரந்தத்துக்குள்ளேயே ஒரு வர்ணமெட்டு. பேணி என்ற பக்தரின் பாட்டுக்குப் "பஹரியா கை கர் காவணா" என்று இருப்பதும் அப்படித்தான்.

பதில் 5 (தாளக்காரன்):

ஒன்று விட்டுப்போயிற்று, உச்சரிப்பு. கிரந்தம் எழுதப்பட்ட குர்முகி எழுத்தில், சொல்லின் கடைசியில் வரும் குறில் இகரமும் குறில் உகரமும் பெரும்பாலும் இலக்கணத்துக்காக எழுதப்படுபவை, வாயில் வராது. எழுத்துப்பெயர்ப்பைப் பார்த்து "லிகி", "தரமு" என்று பாடினால் அசை கூடித் தாளம் குலையும். "லிக்", "தரம்" என்று மெய்யில் முடியுங்கள். மாத்திரை எண்ணும்போது அந்த மெய்க்கும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், மேலே நான் போட்ட கணக்கு அப்படித்தான். தமிழ் எழுத்தில் க, த, ட ஒவ்வொன்றும் நான்கு ஒலிகளுக்குப் பொது என்பதால் "தரம்" எந்தத் தகரம் என்றே தெரியாது. குர்முகி 35 எழுத்துதான், பைந்தீ என்பார்கள். ஒரு மாதம் ஒதுக்கிக் கற்றுக்கொண்டு நேராக மூலத்தைப் பார்த்தே பாடுங்கள். முதலில் இரண்டாம் பௌடி, அப்புறம் முதல் பௌடி. முதலாவதில் தொடக்க வரி 14, 13 என்று வருவதால் நீட்டும் இடம் மாறும், அதை முதலிலேயே எடுத்தால் குழப்பும்.