டபுள் டிலைட்டா, முட்டாபிலிஸா? சென்னை வெயிலுக்கு எந்த ரோஸ்

அடையாறு_மாடி: கலர் மாறுற ரோஸ் கேட்டாலே எல்லாரும் டபுள் டிலைட்னு ஒரே பாட்டு பாடுறீங்க. சென்னைக்கு அது வேலைக்கு ஆகாது. மே மாசத்துல க்ரீம் கலர்ல விரியுது, ஓரத்துல சிவப்பு ஏறி முடிக்கறதுக்குள்ள இதழே கருகிடுது. இங்க வைக்க வேண்டியது முட்டாபிலிஸ். சைனா ரோஸ் வம்சம், அஞ்சே இதழ், மஞ்சளா விரிஞ்சு ரோஸ் கலராகி கடைசில கருஞ்சிவப்பா மாறும், ஒரே செடில எல்லா கலரும் ஒண்ணா நிக்கும். டெக்சாஸ்ல ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டிக்காரங்க அதிகம் கவனிப்பு கேக்காத ரோஸ்னு போட்ட எர்த்-கைண்ட் லிஸ்ட்லயே இது இருக்கு.

ஊட்டி_ரோஜா: டெக்சாஸ்ல குளிர்காலம்னு ஒண்ணு இருக்கு சார், செடி கொஞ்சம் ஓய்வெடுக்கும். உங்க ஊர்ல ராத்திரியும் வேகுது. அந்த சிவப்பு ஆந்தோசயனின்ங்கற நிறமி, சூடு ஏறினா செடி அத கம்மியாதான் செய்யும். முட்டாபிலிஸ் வச்சாலும் கலர் வெளுக்கத்தான் செய்யும். 1995ல ஆரம்பிச்ச எங்க ஊட்டி ரோஜா பூங்காவுக்கு 2006ல உலக ரோஜா சங்கங்களோட கூட்டமைப்பு விருது குடுத்துச்சு, சும்மாவா? மெரினால ஏன் அப்படி ஒண்ணு வைக்கல?

அடையாறு_மாடி: மெரினா உப்புக்காத்த எதுக்கு இழுக்குறீங்க மேடம் 😀 டபுள் டிலைட்ட சிவக்க வைக்கறது குளிர் இல்ல, வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிர். அது படாத மாதிரி மூடி வச்சா எந்த ஊரா இருந்தாலும் வெளிர் நிறத்துலயே நிக்கும்.

கோவை_பால்கனி: அப்ப பாலிகார்பனேட் ஷீட் போட்ட பால்கனில வெள்ளையாவே பூக்கறதுக்கு அதான் காரணமா?? வீட்டுக்காரர் இது போலி செடி தூக்கிப்போடுங்கறார்.

அடையாறு_மாடி: போட்றாதீங்க! தொட்டிய ஷீட்டுக்கு வெளிய தள்ளி வைங்க, காலை வெயில் நேரா படட்டும், அடுத்த பூவுல தெரியும்.

ஊட்டி_ரோஜா: புற ஊதா பேச்ச நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க. 2,200 மீட்டர் உயரத்துல அது உங்க ஊர விட ஜாஸ்தி, காத்தோ ஜில்லுனு இருக்கு. வெயில் வேற சூடு வேற சார், எங்களுக்கு மொதல்து மட்டும் வருது, உங்களுக்கு ரெண்டும் சேந்து வந்து பூவ பொசுக்குது.

அடையாறு_மாடி: ஜூலை மழைலயும் பனிமூட்டத்துலயும் உங்களுக்கு சாம்பல் நோய் வராதா? டபுள் டிலைட் அதுக்கு பேர் போனது. மொட்டு விரியாமயே அழுகறத பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்க.

ஊட்டி_ரோஜா: வரும், யார் இல்லன்னா? மருந்து அடிச்சா போச்சு. உங்க ஊர் சூட்டுக்கு என்ன மருந்து இருக்கு?

ஸ்கார்பரோ_சிவா: உங்கட சண்டைக்குள்ள நானும் வாறன். இஞ்ச கனடாவில பனிக்காலம் சில நாள் மைனஸ் 20 தொடும், முட்டாபிலிஸை நிலத்தில வைச்சால் அடுத்த வசந்தத்துக்கு மிஞ்சுறது கஷ்டம். டபுள் டிலைட்டுக்கு ஒட்டுக் கணுவை, அதாவது அடிச்செடியில ஒட்டுப் போட்ட இடத்தை, மண்ணுக்குள்ள ரெண்டு மூண்டு அங்குலம் இறக்கி நட்டு, நவம்பரில அடியில ஒரு அடிக்கு மண் குவிச்சு விடுறன், அநேகமாத் தப்பிடும். கோடையில இருக்கிற கொஞ்ச நாளில நல்லாச் சிவக்கும்.

அடையாறு_மாடி: அண்ணே சொன்னத பாத்து இங்க யாரும் கணுவ புதைச்சிராதீங்க! அது குளிர் ஊருக்கு. நம்ம பக்கம் கணு மண்ணுக்கு மேல தெரியணும், அதுக்கு கீழ இருந்து துளிர்க்கறத அப்பப்ப ஒடிச்சு விடணும், இல்லன்னா ஒட்டு போட்ட அடிச்செடி கிளம்பி மேல இருக்கறத சாகடிச்சிரும்.

கோவை_பால்கனி: முட்டாபிலிஸ்னு கேட்டா நர்சரில பெரிய இலையோட ஒரு செடிய காட்டினாங்க, காலைல வெள்ளை சாயங்காலம் சிவப்புன்னாங்க. அதானே இது?

அடையாறு_மாடி: இல்லங்க, அது ஹைபிஸ்கஸ் முட்டாபிலிஸ், செம்பருத்தி குடும்பம். ரோஸ் வேணும்னா ரோசா சைனென்சிஸ் முட்டாபிலிஸ்னு கேளுங்க, முள்ளும் சின்ன இலையும் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

ஊட்டி_ரோஜா: அந்த செம்பருத்தியே சென்னைக்கு பொருத்தம்னு நான் சொல்வேன், ஒரே நாள்ல மூணு கலர், வெயிலும் தாங்கும் 😄

அடையாறு_மாடி: பேச்ச மாத்தாதீங்க மேடம். மே மாசம் என் மாடி முட்டாபிலிஸ் போட்டோ போடறேன். ஜூலைல உங்க டபுள் டிலைட்ட போடுங்க, மருந்து அடிச்ச டப்பாவையும் பக்கத்துல வச்சு எடுக்கணும்.

ஊட்டி_ரோஜா: சரி. ஆனா காலை ஆறு மணிக்கு எடுத்தது செல்லாது, மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுங்க.