மே மாதத்தில் மதுரையிலிருந்து வாடகைக் காரில் ஒரு நாள்: அம்மாவை ஆற்றுக்கு அழைத்துப்போக வழி சொல்லுங்கள்

வைகைக்கரைவாசி:
என் அம்மாவுக்கு 74 வயது. பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். தாத்தாவின் காரியத்துக்குப் போனபோது தாமிரபரணியில் குளித்ததுதான் கடைசி. அதற்கு 17 ஆண்டு ஆகிறது. "ஒரு தடவை ஆற்றைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் சொந்தக் கார் கிடையாது. வாடகைக்கு ஒன்று எடுத்து நானே ஓட்டலாம் என்றிருக்கிறேன். அம்மா, மனைவி, 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு குற்றாலம், பாபநாசம், திருச்செந்தூர் மூன்றையும் முடித்து இரவு பதினொன்றுக்குள் வீடு திரும்ப நினைக்கிறேன். நடக்குமா?

கல்லிடைக்காரன்:
நடக்காது தம்பி. நடந்தாலும் உங்கள் அம்மா பார்க்கப்போவது கார் கண்ணாடியைத்தான்.

முதலில் குற்றாலத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு உயிர் தென்மேற்குப் பருவமழை. ஜூனில் சாரல் விழுந்தால்தான் அருவி. மே மாதம் கோடை மழை பெய்தால் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் வரும், அதை நம்பிக் கிளம்ப முடியாது. திருச்செந்தூர் நேர் எதிர்த் திசை. அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

ஆறு மட்டும் போதும். தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மேலே அணையும் இருக்கிறது. அதனால் அகஸ்தியர் அருவியில் கோடையிலும் தண்ணீர் விழும். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் திருநெல்வேலி. அங்கிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், எங்கள் கல்லிடைக்குறிச்சி. எங்கள் ஊரைத் தாண்டியதும் ஆற்றுப்பாலம் வரும், அக்கரை அம்பாசமுத்திரம். பாலத்துக்கு முன்னால் ஓரமாக வண்டியை நிறுத்தி அம்மாவை இறக்கி, ஐந்து நிமிடம் நிற்க விடுங்கள். பிள்ளைகளை அவசரப்படுத்த விடாதீர்கள்.

பாபநாசத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அருவிக்குப் போகும் வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் கொண்டுபோகாதீர்கள்; புளியோதரையை எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அருவியில் பாறை வழுக்கும். அம்மாவுக்கு அருவியைவிடக் கோயில் படித்துறை நல்லது. பாபநாசநாதர் கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும், அதற்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். கோடையில் பாறையும் மணலும் வெளியே தெரிவதால் ஆழமில்லை என்று தோன்றும். பாறைகளுக்கு நடுவே கசம், அதாவது ஆழமான பள்ளம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்கவே வேண்டாம்.

இன்னொன்று. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது எங்கும் போவதில்லை தம்பி. வேரிலும் பாறையிலும் சுற்றிக்கொண்டு அங்கேயே அழுகுகிறது. நாங்கள் குடிப்பது இந்தத் தண்ணீர், கீழே தூத்துக்குடி மாவட்டம் வரைக்கும் குடிப்பதும் இதுதான். உங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

நாற்கரச்சாலை:
அண்ணாச்சி ஆற்றைச் சொல்லிவிட்டார், நான் காரைச் சொல்கிறேன். ஓட்டுநர் இல்லாமல் தரும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. போய்வர 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கிறதா, தாண்டினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். திருநெல்வேலி வரை கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று மூன்று சுங்கச்சாவடி. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கீறலுக்கு என் முன்பணத்தில் 6,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பணத்தைவிட, பிள்ளைகள் முன்னால் அவர்கள் பேசிய பேச்சுதான் இன்னும் வலிக்கிறது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கண்ணால் பாருங்கள். முடிந்தால் ஓட்டுநரோடு எடுங்கள். நான்கு மணிக்கு எழுந்தவர் மாலை வெயிலில் கோவில்பட்டி தாண்டும்போது கண் அசந்துவிடும்.

கோரைப்புல்:
நான் பத்தமடையில் பாய் நெய்கிற வீட்டுப் பெண். திரும்பும்போது மூன்று மணிக்கு மேல் எங்கள் ஊரில் இறங்கிப் பாருங்கள் அண்ணா. ஆற்றோரக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து நெய்வதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. பட்டுப்பாய் என்று நாங்கள் சொல்லும் மெல்லிய கோரைப்பாய் நல்லதாக ஒன்றுக்கு நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும், அதனால் விலை கூடுதலாகத்தான் இருக்கும். பேரம் பேசும் முன் ஒரு நிமிடம் அந்த விரல்களைப் பாருங்கள்.

வைகைக்கரைவாசி:
மூவருக்கும் நன்றி. குற்றாலத்தையும் திருச்செந்தூரையும் எடுத்துவிட்டேன். ஓட்டுநரோடு கார் பேசிவிட்டேன்.

அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் வேட்டி ஒன்றை ஆற்றில் விடுவதற்காக அம்மா பெட்டியில் எடுத்து வைத்திருந்தார், எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நனைத்துப் பிழிந்து திரும்பக் கொண்டுவந்துவிடலாமா, அது போதுமா என்று அவரிடம் கேள்" என்றார்.

கல்லிடைக்காரன்:
போதும் என்று சொல்லுங்கள் தம்பி. என் அம்மாவின் சேலையை நானும் அப்படித்தான் நனைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். படித்துறைக் கல்லில் காயப்போட்டால் மே வெயிலுக்கு அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். அதுவரை அம்மா கால் நனைத்து உட்கார்ந்திருக்கட்டும்.