தேரி மணலில் ஓடும் பழைய டீசல் பிக்கப்புக்கு எந்த ஏர் ஃபில்டர் பொருந்தும்?

கேள்வி: தேரிக்காட்டு ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2006-இல் பதிவான மகிந்திரா பொலேரோ பிக்கப். 2523 சிசி டி.ஐ. டர்போ இன்ஜின், எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத பழைய டீசல் பம்ப். சாத்தான்குளம், குதிரைமொழி பக்கத்துத் தோட்டங்களில் முருங்கைக்காய் ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டு செல்வதுதான் இந்த வண்டியின் முக்கிய வேலை. இங்குள்ள செம்மணல் மேடுகளான தேரியைப் பார்த்தவர்களுக்கு அந்த மணல் எவ்வளவு நுண்மையானது என்று தெரியும். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில், ஏற்றி இறக்கிய கண்ணாடியின் இடுக்கில்கூட அது சிவப்புக் கோடாகப் படிந்துவிடும்.

எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கம்பெனி ஏர் கிளீனர் டப்பாவை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய பருத்தித் துணியால் ஆன கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை டர்போவுக்கு (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் பாகம்) செல்லும் ஹோஸிலேயே நேராக மாட்டியிருக்கிறார். டப்பா, மூடி எதுவும் இல்லாமல் பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கிறது. லோடு ஏற்றி மேம்பாலம் ஏறும்போது கரும்புகை அதிகமாக வருகிறது, இழுவையும் குறைந்திருக்கிறது. ஒரு மெக்கானிக் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்கிறார், இன்னொருவர் பம்ப் செட்டிங்கைக் கூட்டினால் இழுவை கிடைக்கும் என்கிறார்.

இந்தக் கூம்பைக் கழுவி எண்ணெயிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாமா, பழைய ஜீப்புகளில் இருந்த ஆயில் பாத் ஏர் கிளீனருக்கு மாறுவது நல்லதா, அல்லது பெரிய வண்டியின் காகித ஃபில்டர் டப்பாவைப் பொருத்த வேண்டுமா என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்து தேவை.

பதில்: பழைய பட்டறை

நண்பருக்கு வணக்கம். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. இன்ஜினுக்குப் போதிய காற்று போகிறதா என்பது ஒன்று. போகிற காற்று சுத்தமாக இருக்கிறதா என்பது மற்றொன்று. கரும்புகை முதலாவதைப் பற்றி மட்டுமே பேசும். இரண்டாவதைப் பற்றி இன்ஜின் வெகுகாலம் வாயைத் திறக்காது. பேசும்போது ஆயில் குறைந்து, பேக் கம்ப்ரஷன் அடித்து (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிந்து), போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், வேலைக்கு வந்திருக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். ஆகவே 2523 சிசி இன்ஜின் 3200 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 லிட்டர் இழுக்கும். சிலிண்டர் முழுதாக நிரம்பாத குறையைக் கழித்து, டர்போ திணிக்கும் காற்றைக் கூட்டினால் முழு லோடில் 5000 லிட்டர் அளவில் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். இது பெரிய அளவு அன்று. சரியான அளவுள்ள சாதாரணக் காகித ஃபில்டரே இதைத் தாராளமாகத் தரும். மேலும், டீசல் இன்ஜினில், அதிலும் உங்களுடையது போன்ற மெக்கானிக்கல் பம்பில், காற்று கூடியது என்பதற்காக டீசல் தானாகக் கூடாது. நன்றாக இருக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதிகக் காற்று விடும் ஃபில்டரைப் போட்டால் சத்தம்தான் கூடும்.

அடுத்தது தூசி. நல்ல காகித ஃபில்டர் 99.5 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கும். இன்னொரு ஃபில்டர் 97 விழுக்காடு பிடிக்கிறது என்றால் கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 100 கிராம் தூசி வந்தால் முதலாவது அரை கிராமை விடுகிறது, இரண்டாவது 3 கிராமை விடுகிறது. ஆறு மடங்கு! பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் இடையில் சென்று அராவுவது 5 முதல் 20 மைக்ரான் வரையிலான நுண்துகள்தான்; கண்ணுக்குத் தெரியும் மணலைவிட அதுவே ஆபத்தானது. அதற்கும் முன்னதாக டர்போவின் கம்ப்ரஸர் இறக்கைகளின் விளிம்பை அது தின்றுவிடும். ஹோஸைக் கழற்றி, டார்ச் அடித்து அந்த விளிம்புகளைப் பாருங்கள். புதிதில் சீராக இருக்கும் விளிம்பு மழுங்கியோ கடித்ததுபோலவோ இருந்தால் இதுவரை எவ்வளவு தூசி போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ‘ப’ வடிவத்தில் வளைத்து, ஒவ்வொரு காலும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும்படி ஒரு பலகையில் கட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் சிறு துளையிட்டுப் பொருத்தி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். கால்கள் குட்டையாக இருந்தால் தண்ணீர் டர்போவுக்குள் போய்விடும் என்பதால் நீளத்தில் சிக்கனம் கூடாது. பலகையைக் கேபினுக்குள் நிறுத்தி, உடன் வருபவரை நீர்மட்டத்தைப் பார்க்கச் சொல்லி, லோடோடு ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ரேஸ் செய்தால் டர்போ முழுதாக வேலை செய்யாது, அளவும் பொய்யாகும். டர்போ டீசலுக்கு இரு கால்களின் நீர்மட்ட வேறுபாடு 25 அங்குலம், அதாவது சுமார் 63 செ.மீ. வரை போகலாம் என்பதே கனரக இன்ஜின்களில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு வெகு கீழே இருந்தால் உங்கள் கரும்புகைக்கு ஃபில்டர் காரணமன்று.

துளையிட்ட கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உட்சுவரைத் துடைத்துவிட்டு, விரல் அகலத்துக்கு மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவி வையுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு அந்தக் கிரீஸை வழித்து இரு விரல்களுக்கிடையில் தேய்த்தால், நெறுநெறுவென்று இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பதில்: நாற்கரச் சாலை

எண்ணெய்ப் பருத்தி ஃபில்டரை ஒரேயடியாகத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்ணெய், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரைக் கெடுக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். இவருடைய வண்டியில் அந்தச் சென்சாரே கிடையாது. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் என் வண்டியில் அத்தகைய ஃபில்டரை, கம்பெனி டப்பாவுக்குள் பொருந்தும் தட்டை வடிவத்தில், நெடுங்காலமாக வைத்திருக்கிறேன். முறையாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, அளவாக எண்ணெயிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதும் ஒரு வசதிதான்.

பதில்: பழைய பட்டறை

சென்சாரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது போதும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இவர் ஓட்டுவது தேரியில். அங்கே கழுவும் இடைவெளி மிகக் குறுகிவிடும், கழுவி எண்ணெயிட்ட ஒவ்வொரு முறையும் எண்ணெய் சீராகப் பரவியதா என்பது செய்பவரின் கையைப் பொறுத்தது. காகிதம் நேர்மாறானது. அதன் மேல் மெல்லிய தூசிப் படலம் படிந்த பிறகு அது முன்னைவிட நன்றாக வடிகட்டும். அதனால்தான் கொஞ்சம் சிவந்ததும் எடுத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்கிறோம்.

இன்னொரு குறை, கூம்பு நிற்கும் இடம். வெளியே 35 டிகிரி இருக்கும்போது பானெட்டுக்குள் 65 டிகிரி என்றால், இன்ஜின் இழுக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. அதிகக் காற்று என்று சொல்லி விற்ற பொருள், மாட்டிய இடத்தினாலேயே காற்றைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

பதில்: உழவு வண்டி

ஆயில் பாத் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிராக்டரிலும் பழைய ஜீப்பிலும் அதோடு பழகியவன் என்பதால் எழுதுகிறேன். உள்ளே வரும் காற்று எண்ணெய்ப் பரப்பின் மேல் சட்டென்று திரும்பும்போது கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுகிறது. மீதி, மேலேயுள்ள நனைந்த கம்பி வலையில் ஒட்டுகிறது. காகிதம் வாங்கும் செலவில்லை, நீர் பட்டாலும் கெடாது. ஆனால் இது காற்றின் வேகத்தை நம்பிய ஏற்பாடு. மெதுவாக ஓடும்போதும் ஐடிலிங்கிலும் வடிகட்டும் திறன் குறைந்துவிடும், நுண்தூசியை விட்டுவிடும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலோ, வண்டி மிகவும் சாய்ந்து நின்றாலோ இன்ஜின் அந்த எண்ணெயை இழுத்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும் அபாயமும் உண்டு. டர்போ வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் யோசனை, டாட்டா 407-இல் வரும் காகித ஃபில்டர் டப்பாவைப் பாருங்கள். அந்த இன்ஜின் 2956 சிசி என்பதால் உங்களுக்குத் தேவையான காற்று அதில் தாராளமாகக் கிடைக்கும். எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஃபில்டர் இருக்கும். காகிதத்தின் பரப்பு இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேலேயே கூடும். டப்பா வாங்கும்போது, உள்ளே நுழையும் காற்றைச் சுழற்றிவிடும் துடுப்புகளும், அடியில் வாத்தின் அலகுபோல் பிளந்திருக்கும் ரப்பர் வால்வும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுழற்சியில் ஒதுங்கும் மணல் அந்த வால்வு வழியாகத் தானே கொட்டிவிடும். வால்வு தொலைந்த டப்பாவை நிறையப் பேர் அப்படியே ஓட்டுகிறார்கள். ஒதுங்கிய தூசியைக் கீழிருந்து வரும் காற்று மறுபடியும் கிளப்பி ஃபில்டரின் மேல் போடுவதுதான் மிச்சம்.

கேள்வியாளர்: தேரிக்காட்டு ஓட்டுநர்

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சொன்னபடியே குழாய் கட்டி அளந்து பார்த்தேன். முருங்கை மூட்டைகளோடு ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் நீர்மட்ட வேறுபாடு 20 செ.மீ.கூட வரவில்லை. ஆகக் கூம்பு அடைக்கவில்லை. ஆனால் கிரீஸை வழித்து எடுத்தபோது அது இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. தேய்த்தால் நன்றாகவே நெறுநெறுத்தது. கம்ப்ரஸர் இறக்கைகளின் விளிம்பு சற்று மழுங்கியிருந்தாலும் ஷாஃப்டில் ஆட்டம் இல்லை என்று மெக்கானிக் சொன்னார்.

கரும்புகைக்குக் காரணம் தேடி, டர்போவிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்லும் ஹோஸைக் கழற்றியபோது, கிளிப்புக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் அது வெடித்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் ஒட்டியிருந்தன. அதை மாற்றியதும் புகை பெருமளவு குறைந்து, இழுவையும் திரும்பியது.

407 டப்பா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதைக் கேபினுக்குப் பின்னால், பாடியின் முன்பலகையில் உயரமாகப் பொருத்தினால் தூசி குறைவாக இருக்கும் என்று வெல்டர் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா?

பதில்: பழைய பட்டறை

ஹோஸ் அகப்பட்டது நல்லது. டர்போ திணித்த காற்று அங்கே வெளியே போயிருக்கிறது. பம்ப் கொடுத்த டீசலுக்குக் காற்று பற்றாமல் புகையாகியிருக்கிறது.

உயரத்தில் தூசி குறைவு என்பது உண்மைதான். ஆனால் கேபினும் பாடியும் ஓட்டத்தில் தனித்தனியே அசைபவை. டப்பா பின்னால் போனால், ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் நீண்ட குழாயும் அதன் ஒவ்வொரு இணைப்பும் அந்த அசைவைத் தாங்க வேண்டும். ஃபில்டருக்குப் பின்னுள்ள ஓர் இணைப்பு நெகிழ்ந்தால், வடிகட்டாத தூசி நேராக டர்போவுக்குள் போகும். ஃபில்டருக்கு முன்னுள்ள இணைப்பு நெகிழ்ந்தால் பெரிய நட்டம் இல்லை, எப்படியும் அதைக் காகிதம் பிடித்துக்கொள்ளும். எனவே டப்பாவை இன்ஜினுக்கு அருகிலேயே, பானெட்டுக்குள் இடமுள்ள பக்கத்தில் உறுதியான பட்டையில் பொருத்தி, சுத்தமான பக்கத்துக் குழாயை இயன்ற அளவு குறுக்குங்கள். உயரம் வேண்டுமென்றால் காற்று உள்ளே வரும் பக்கத்துக் குழாயை மட்டும் ஃபெண்டர் வழியாக வெளியே எடுத்து, கண்ணாடிக்கு ஓரமாக மேலே கொண்டு செல்லுங்கள். அதன் விட்டம் டர்போவின் வாயைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும், வளைவுகள் குறைவாக இருக்கட்டும். ரப்பர் வால்வு நேர் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

அளப்பதற்காக இட்ட துளையை அடைத்துவிடாமல், ஃபில்டர் அடைத்தால் காட்டிக்கொடுக்கும், டிராக்டர்களில் வரும் சோக் இண்டிகேட்டரை அதில் மாட்டிக்கொள்ளுங்கள். அது சிவப்பு காட்டும் வரை ஃபில்டரைத் திறக்கவே வேண்டாம்; திறக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் உள்ள தூசி உள்ளே விழ வாய்ப்பிருக்கிறது. பஞ்சர் கடையில் முழு அழுத்தத்தில் காற்றடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அடித்தே ஆக வேண்டுமென்றால் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, நாசிலைத் தள்ளிப் பிடித்து அடியுங்கள். பிறகு உள்ளே பல்பு விட்டு இருட்டில் பார்த்து, ஒளி ஊசிமுனையாகத் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே சிறிய பாதுகாப்பு ஃபில்டர் இருந்தால் அதை ஒருபோதும் சுத்தம் செய்யக் கூடாது; புதிதாக மாற்ற மட்டுமே வேண்டும்.

பம்ப் ஸ்க்ரூவை யாரையும் தொட விடாதீர்கள். பி.எஸ். 4 மாசு விதிக்கு முந்திய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 எச்.எஸ்.யூ. (புகையின் கருமையை அளக்கும் அலகு) வரை இடம் உண்டு. ஹோஸ் மாற்றிய நிலையில் ஒருமுறை சோதித்து அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, டப்பா மாற்றிய பிறகு மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.