ஏற்றத்தில் கழலும் சைக்கிள் செயின்: உங்களுக்கும் நடந்ததா?

சிந்துபூந்துறை பால்காரர்

ஒரே மாதத்தில் ஆறு முறை கழன்றது. ஆறும் திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போதுதான். சமதளத்தில் ஒருநாளும் இல்லை. விடிகாலை நாலரை மணி, கேரியரின் இரு பக்கமும் பால் கேன். எழுந்து நின்று மிதித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் பெடல் வெறுமனே சுற்றும். பழைய செயின்தானே என்று கடையில் புதியது போட்டேன். மறு வாரமே கழன்றது. நானே செயினில் ஒரு கண்ணியைக் கழற்றிக் குறைத்துப் பார்த்தேன். அதற்கும் அடங்கவில்லை. கோபத்தில் கடைக்குப் போய், நான்கு பேர் நிற்கும்போது, “வேலை தெரியாமலா காசு வாங்குகிறீர் அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த அழுக்குத் துணியை மெதுவாக மடித்து வைத்தார்.

ஏழாவது முறை கழன்றபோது, பூக்கூடையோடு டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தினார். அவர் செயினைப் பார்க்கவே இல்லை. பின் சக்கரத்தின் அருகில் குத்தவைத்து, செல்போன் வெளிச்சத்தை இடது பக்கக் குழாயின் உள்புறம் அடித்தார். விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய், இரும்பு வெள்ளிபோல் மின்னியது. “டயர் உரசியிருக்கிறது தம்பி. வலது நட்டு பிடிக்கவில்லை. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செயின் அந்தப் பக்கத்து ஆக்ஸிலை முன்னால் இழுக்கிறது. சக்கரம் கோணினால் செயின் தொய்யத்தானே செய்யும்?”

நட்டைக் கழற்றினால் மரை மழுங்கியிருந்தது. வாஷர் இல்லை. பஞ்சர் பார்க்கச் சக்கரத்தை நானே கழற்றியபோது தொலைத்தது. செயின் மாற்றிய அன்றே, “இந்த நட்டையும் மாற்ற வேண்டும்” என்று கடைக்காரர் சொன்னார். பால் வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று வந்தவன் நான். நட்டும் வாஷரும் போட்டபின் இன்றுவரை கழலவில்லை. அந்தக் கடைக்கு மட்டும் இன்னும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

வீரவநல்லூர்ப் பெண்

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் அது. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குச் சேரன்மகாதேவிக்கு அதில்தான் போனேன். பிசான நெல் அறுவடை நேரம். செயின் கழன்று, பல்சக்கரத்துக்கும் கவருக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. பெடல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. வெள்ளைச் சீருடையில் கறை படுமே என்று தொடவும் பயம், நேரம் போகிறதே என்ற பயம் வேறு. அழுதுகொண்டே நின்றேன்.

வயலிலிருந்து ஓர் ஆச்சி கரையேறி வந்தார். கதிர் அரிவாளின் மூக்கைக் கவருக்குள் விட்டு, செயினை நெம்பித் தூக்கினார். முதலில் பின் பல்சக்கரமான ஃப்ரீவீலில் மாட்டினார். பிறகு முன் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் ஒரு கண்ணியைக் கோத்துவிட்டு, “பெடலைப் பின்னுக்குச் சுற்று மக்களே” என்றார். சுற்றினேன், செயின் தானாக ஏறி உட்கார்ந்தது. பதற்றத்தில் நானும் செயினைப் பிடித்திருக்கிறேன், என் விரலெல்லாம் கறுப்பு. வரப்பு மண்ணை அள்ளி என் கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். வாய்க்காலில் கழுவியபோது பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தக் கைக்கும் என் கைக்கும் நடுவில் இருந்த ஈர மண்ணின் குளிர்ச்சி நினைவிருக்கிறது. நன்றி சொன்னேனா என்பதுதான் எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

குட்டம் தேரிக்காட்டான்

பால்கார அண்ணாச்சி சொல்வது அவருடைய சைக்கிளுக்குச் சரி. எல்லாவற்றுக்கும் நட்டுதான் காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் செம்மணல் மேடான தேரியிலிருந்து மணல் ரோட்டுக்கே வந்துவிடும். அப்பா தினமும் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவார். ஒருநாள் உவரிக்குப் போகிற வழியில் நடுரோட்டில் கழன்றது. எடுத்து மாட்டும்போது விரலில் ஒட்டியது எண்ணெய் அல்ல, செம்மணல் களிம்பு. இரும்பை அராவுகிற களிம்பு அது. அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

செயின் நீளுகிறது என்கிறோமே, இரும்பு நீளுவதில்லை. கண்ணிகளுக்குள் இருக்கும் பின்கள் தேய்கின்றன. அதை அளந்து பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வீசம் (1/16) அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். அரைக்கால் (1/8) அங்குலம் கூடிவிட்டால் ஃப்ரீவீலின் பல்லும் போயிருக்கும். அதன்மேல் புதுச்செயின் போட்டால் பல் தாண்டித் தாண்டிக் குதிக்கும். செயின் கழலுவது வேறு, பல் தாண்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். எண்ணெய்க்கு முன்னால் மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு விட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியே எண்ணெய் மினுமினுத்தால் மணலை வா என்று அழைப்பதுபோல. செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கின் வாய் பின்னோக்கி இருக்க வேண்டும். செயின் ஓடும் திசையில் மூடிய பக்கம் முன்னால் போக வேண்டும். இன்னொன்று பால்கார அண்ணாச்சி, புதுச்செயினில் கண்ணி எடுத்தேன் என்கிறீர்கள். அது பெரிய தவறு. சக்கரம், ஆக்ஸில் உட்காரும் காடியின் முன் நுனிக்கு வந்து, நட்டு பிடிக்க இடமில்லாமல் போயிருக்கும்.

மேலப்பாளையம் சைக்கிள் கடை

கண்ணி எடுப்பதே தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம் தம்பி. புதுச்செயின் நீளமாகத்தான் வரும். சைக்கிளுக்குத் தக்கபடி வெட்டித்தான் போடுகிறோம். ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னது சரியான பேச்சு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரு பையன் மூன்று முறை வந்தான். செயின் புதியது, ஃப்ரீவீல் புதியது, நட்டு இறுக்கம். எனக்கே விளங்கவில்லை. மூன்றாம் முறை சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பெடலைச் சுற்றச் சுற்ற முன் பல்சக்கரம் ஓரிடத்தில் வெளியே போய் உள்ளே வந்தது. கோட்டம்! எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது, பையன் வீட்டில் அடி விழும் என்று சொல்லாமல் மறைத்திருக்கிறான். சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் வெளியே தள்ளிய இடத்தில் மட்டும் கோடு விழும். அந்த இடத்தை மரச்சுத்தியால் தட்டினேன், பத்து நிமிட வேலை. முதல் இரண்டு முறை வாங்கிய பணத்தை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அது இன்றும் மனதை அறுக்கிறது.

தொய்வைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். சுற்றிவிட்டு, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் நிறுத்தி, நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். அரை அங்குலம் ஆட வேண்டும்.

பால்கார அண்ணாச்சி, அந்தக் கடைக்குப் போங்கள். எங்களுக்கு வசவு பழக்கம்தான். நட்டு மாற்றியதும் சரியாகிவிட்டது என்று ஒருவர் வந்து சொல்வதுதான் அபூர்வம்.

அம்பாசமுத்திரம் மாணவன்

எனக்கு நடந்தது கியர் சைக்கிளில். பாபநாசம் மேலணைக்குப் போகும் மலை ஏற்றத்தில் கடைசிக் கியருக்கு இறக்கினேன். செயின் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழுந்தது. சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. முந்தின நாள் சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்ததில் கியரைத் தாங்கும் கொக்கி உள்ளே வளைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. ‘எல்’ என்று போட்டிருக்கும் திருகாணி அந்தப் பக்கத்து எல்லையைக் கட்டுவது. ஆனால் கொக்கி வளைந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்த வேண்டும். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சிந்துபூந்துறை பால்காரர்

தேரிக்காட்டுத் தம்பி சொன்னபடி அளந்தேன். 12 அங்குலம் சரியாக இருக்கிறது. எடுத்த கண்ணியையும் திரும்பச் சேர்க்க வேண்டும். சக்கரம் காடியின் நுனியில்தான் நிற்கிறது. அதைச் சாக்காக வைத்து இன்று காலை கடைக்குப் போனேன். இன்னும் திறக்கவில்லை. கேனைக் கழுவி வைத்துவிட்டுப் பத்து மணிக்கு மறுபடி போகிறேன்.