ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் ஜெல்: ஈறு ஆராய்ச்சியில் இருந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோடுவாசி:
பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் ஸ்கேலிங் இலவசம் என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். வழக்கமான ஏற்பாடுதான். இரண்டு பக்கமும் வேர் வரை சுத்தம், இடப்பக்கம் மட்டும் குர்குமின் (மஞ்சளில் உள்ள மஞ்சள் நிறப் பொருள்) ஜெல். எனக்கு இன்னும் உறுத்துவது மூன்றாம் மாத ரிவ்யூ. பிஜி மாணவி ஈறுக்குள் அந்த அளவுக் கம்பியை விட்டு எண் சொல்ல, ஜூனியர் எழுதினார். முதல் நாள் 6, 5, 6 என்று போன இடம் இப்போது 3, 3, 4 மில்லிமீட்டர். ரத்தமும் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஜெல் வைக்காத வலப்பக்கம் போனார். அங்கேயும் 3, 4, 3. அவர் முகம் விழுந்துவிட்டது. "இன்னொரு தடவை அளக்கலாமா?" என்று ஜூனியர் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வேண்டாம், அப்படியே எழுது" என்றார். என் வாய் முழுசாகக் குணமானதற்கு நான் மட்டும்தான் சந்தோஷப்பட்டேன்.

ஓய்வுபெற்றவாத்தியார்:
ஜெல் வேலை செய்யவில்லை என்று எப்படி முடிவு கட்டினீர்கள் தம்பி? இடப்பக்கம் வைத்தது எச்சிலோடு வலப்பக்கம் போகாதா? எனக்குக் கீழ்ப்பல் ஆடியது, பிடுங்கச் சொன்னார்கள், இன்னும் இருக்கிறது. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், நுரைக்கும் வரை கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. பிறகு மஞ்சள்தூளும் உப்பும் குழைத்து ஈறில் விரலால் தேய்க்க வேண்டும். பிரஷ் வேண்டாம். வாரம் இரண்டு நாள் வேப்பங்குச்சி. இரவில் கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மாவா சொன்னார்கள்? இதற்கெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு தேவையில்லை.

பல்பிஜி:
ஐயா, எச்சில் விஷயம் சரி, ஒரே வாயில் இரண்டு பக்கத்தை ஒப்பிடுவதில் உள்ள பெரிய தலைவலியே அதுதான். மற்றது சரியில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் தண்ணீரில் கரையாது. விரலால் தேய்த்தால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உண்டாகும் 5 மில்லிமீட்டர் ஆழப் பையின் அடிக்கு எப்படிப் போகும்? ஊசிமுனையால் உள்ளே வைத்த ஜெல்லே நிற்பதில்லை. அந்த ஆழப் பையில் ஊறும் நீர் மணிக்கு 40 தடவை போல மாறிக்கொண்டே இருக்கும். பல்லில் படிந்து இறுகிய காறையை எடுத்ததிலேயே பாதிக்கு மேல் குணம் வந்துவிடும், மிச்சத்தில்தான் ஜெல் தன்னைக் காட்ட வேண்டும்.

என் ஆய்வில் ஒரு பாட்டி இருந்தார். "ஒரு பக்கம் மட்டும் மருந்து வைக்கிறியே கண்ணு, இந்தப் பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு? வச்சிடு, நீ எழுதிக்க வேண்டாம்" என்றார். ஜெல் கையில் இருக்கிறது, பாட்டி வாயைத் திறந்தபடி இருக்கிறார். வைக்கவில்லை. இன்றும் அது நெஞ்சில் நிற்கிறது.

ஈரோடுவாசி, ஒன்று கேட்கிறேன். ஜெல் வைத்தவரே அளந்தாரா? எந்தப் பக்கம் என்று தெரிந்தவர் அளக்கவே கூடாது. குர்குமினுக்கு நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

உப்பில்லாரசம்:
நிறம் என்றதும் சொல்கிறேன். எங்களுக்கு மவுத்வாஷ், பாட்டிலில் ஏ, பி என்று மட்டும் எழுதியிருந்தது. ஒன்று மூலிகை, இன்னொன்று குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, அது உப்புச் சுவையை மறக்கடிக்கும், பல்லில் கறையும் பிடிக்கும். எது யாருக்கு என்று சொல்ல மாட்டார்களாம். கொஞ்ச நாளில் ரசத்தில் உப்பே இல்லையென்று வீட்டில் சண்டை போட்டேன், மற்றவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். அப்புறம் பல்லெல்லாம் பழுப்பு. மைத்துனர் மகள் நிச்சயதார்த்தப் போட்டோவில் வாயை மூடியே நிற்கிறேன். ரிவ்யூவுக்குப் போய் வாயைத் திறந்ததும் அங்கிருந்த டாக்டர் சிரித்துவிட்டார். அவருக்கும் தெரியக் கூடாதாமே! கறையை பாலிஷ் போட்டு எடுத்துவிட்டார்கள், உப்புச் சுவையும் திரும்பிவிட்டது. வாத்தியார் ஐயா, சர்க்கரை இருப்பவர் ஈறு வீக்கத்தை எண்ணெயோடு விட்டுவிடக் கூடாது, பல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஓய்வுபெற்றவாத்தியார்:
எனக்குச் சர்க்கரை கிடையாது.

ஈரோடுவாசி:
பல்பிஜி, வைத்தவரே அளந்தார். அதனால்தான் அந்த "அப்படியே எழுது" என்னை விடமாட்டேன் என்கிறது. ஒப்புதல் படிவத்தில் சிடிஆர்ஐ எண் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்து முடிவு என்ன ஆனது என்று பார்க்க முடியுமா?

பல்பிஜி:
சிடிஆர்ஐ என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு, அதன் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு கிடையாது. எதை அளப்பதாக முதலில் எழுதியிருந்தார்கள் என்று பாருங்கள். முடிவு கட்டுரையாக வந்திருந்தால் இதே எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கலாம்.