நடுவில் எழுந்து போனவர்களும் கடைசிவரை இருந்தவர்களும்

குழித்துறையான்:

ஞாயிறு சாயங்காலம் களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் வாசகசாலையில் ‘பீப்பிங் டாம்’ போட்டோம். 1960-இல் வந்த பிரிட்டிஷ் படம், இயக்கியவர் மைக்கேல் பவல், 101 நிமிடம். தொடங்கும்போது 42 பேர் இருந்தார்கள். முடிந்து விளக்கைப் போட்டதும் எண்ணிப் பார்த்தேன், 27 பேர். ஆறு வருடமாகப் படம் போடுகிறோம், இத்தனை நாற்காலி காலியானது இதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரே சண்டை. ஆளுக்கொரு ஆடியோ அனுப்புவதைவிட இங்கே எழுதினால் நிதானமாகப் பேசலாம்.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். மார்க் லண்டனில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் ஃபோகஸ் புல்லர், அதாவது படம் தெளிவாக விழ லென்ஸைச் சரிசெய்கிற கேமரா உதவியாளன். பெண்கள் சாகிற நொடியில் அவர்கள் முகத்தில் வரும் பயத்தைப் படம்பிடிப்பதுதான் அவனுக்கு வெறி. கேமரா ஸ்டாண்டின் ஒரு காலில் கத்தி இருக்கிறது. கூடவே ஒரு கண்ணாடி, சாகிறவள் தன் பயந்த முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு சாக வேண்டும் என்பதற்காக. அவனை அப்படி ஆக்கியது அப்பா. பயத்தை ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி அவர். தூங்குகிற பையனை எழுப்பி, படுக்கையில் பல்லியை விட்டு, அவன் அலறுவதைப் படமெடுத்தவர். கொலை எதையும் படம் நேராகக் காட்டுவதில்லை, ரத்தமும் கிட்டத்தட்ட இல்லை. அப்படியும் 15 பேருக்கு உட்கார முடியவில்லை.

என்னைப் பொறுத்தவரை இது பெரிய படம். போட்டதற்கு வருத்தம் இல்லை. போட்ட விதம் சரியா என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுந்து போனவர்களும் இருந்தவர்களும் எழுதுங்கள்.

ஊரம்பு வழி:

இருபது நிமிடத்தில் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவன் நான்தான். அவனுக்கு 15 வயது. நோட்டீசில் ‘உலக சினிமா, அனைவரும் வருக’ என்று இருந்தது. காலையில் கோயில் கழிந்து வீட்டில் சும்மா போனை நோண்டிக்கொண்டிருந்தான், நல்ல படம் பார்க்கட்டும் என்று கூட்டி வந்தேன். வந்தால் முதல் காட்சியிலேயே தெருவில் நிற்கிற ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமரா போகிறது, அவள் உடை களைகிறாள், அடுத்து அலறல். அவன் என் முகத்தைப் பார்க்கிறான், நான் தரையைப் பார்க்கிறேன்.

இதில் என்ன கலை இருக்கிறது? மனிதனுக்குள் ஆயிரம் அழுக்கு இருக்கும். எல்லாவற்றையும் தோண்டி மேஜையில் வைக்க வேண்டுமா?

பழைய டெலிகேட்:

உங்கள் மகன் விஷயத்தில் தவறு நம் பக்கம், அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் அன்றைக்கே இதற்கு எக்ஸ் சான்றிதழ்தான், 16 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். நம் நாட்டில்கூட, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யு/ஏ சான்றிதழை 2024-இல் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். வயதை நோட்டீசில் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் ‘இதில் என்ன கலை’ என்ற கேள்வி 1960-லேயே கேட்கப்பட்டது. ட்ரிப்யூன் பத்திரிகையில் டெரக் ஹில் என்ற விமர்சகர், இதை மண்வெட்டியால் அள்ளிச் சாக்கடையில் விட வேண்டும் என்ற அளவுக்கு எழுதினார். சண்டே டைம்ஸில் எழுதிய டிலிஸ் பவலும் (இயக்குநருக்கு உறவில்லை) அன்று திட்டியவர்தான். அதே அம்மையார் 1994-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டு அச்சில் எழுதினார். முப்பத்திநாலு வருடம் கழித்து! அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி 1979-இல் நியூயார்க் திரைப்பட விழா வழியாக இந்தப் படத்தை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு நல்ல கலைஞனின் வாழ்க்கையை விமர்சகர்கள் முடித்துவைத்த கதை இது. அதே 1960-இல் வந்த ‘சைக்கோ’வுக்கு ஹிட்ச்காக் பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே காட்சி வைக்கவில்லை, மக்கள் நேராகப் பார்த்துத் தாங்களே முடிவு செய்தார்கள்.

குழித்துறையான்:

ஒரு சின்னத் திருத்தம், டெலிகேட் சார். வாழ்க்கை முடிந்தது என்பது கொஞ்சம் அதிகம். பவல் 1961-இல் ஒரு படம் எடுத்தார், ஆஸ்திரேலியாவில் போய் 1966-லும் 1969-லும் எடுத்தார். இங்கிலாந்தில் பழைய மதிப்பு போய்விட்டது என்பது சரி.

பனச்சமூடு பாய்ஸ்:

கொரியன் த்ரில்லர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மெதுவாகத்தான் போகிறது. எனக்குக் கொலைகள் பயம் தரவில்லை. அந்தச் சின்னப் பையன் அழுகிற பழைய ரீல், அதுதான் வீட்டுக்குப் போன பிறகும் கண்ணுக்குள் நின்றது.

பளுகல் அக்கா:

நானும் எழுந்து போனேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

முதல் கொலையில் போகவில்லை. பேப்பர் கடை காட்சி வருமே, அதில் போனேன். மரியாதையான ஒரு வயசாளி கடைக்கு வருகிறார். செய்தித்தாள் வாங்குகிறார், அப்புறம் குரலைத் தாழ்த்தி ‘அந்தப் படங்கள்’ இருக்கிறதா என்று கேட்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மிட்டாய் வாங்க உள்ளே வருகிறது. எனக்கு அங்கே மூச்சு முட்டியது.

நான் நர்ஸ். திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தபோது ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். குளியலறையின் மேலே ஒரு வென்டிலேட்டர், மூன்று கண்ணாடிச் சில்லு, நடுச்சில்லு உடைந்தது. ஒரு நாள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தால் அந்த இடைவெளியில் கறுப்பாக ஒரு போனின் மூலை. சிமென்ட் பூசாத செங்கல்மேல் இரண்டு விரல். நகம் வரை எனக்கு நினைவிருக்கிறது. கத்தினேன், விரல் போய்விட்டது. யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. விடுதி நடத்துகிறவர்கள் சில்லை மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த வீடியோ யார் யார் கைக்குப் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் யாராவது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தால் அந்த நினைப்புதான் வரும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி சேர்த்தார்கள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆம் பிரிவு. முதல் தடவைக்கு ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை. எனக்கு நடந்தபோது இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் வீட்டில் போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டிருக்கமாட்டார்கள்.

படம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ‘ஒளிந்திருந்து பெண்களைப் படமெடுக்கிறவனின் கதை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் வருவதா வேண்டாமா என்று நானே முடிவு செய்திருப்பேன். அந்த முடிவைக்கூட என் கையிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

ஊரம்பு வழி:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எழுந்து போனபோது உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். வாசலில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பழைய டெலிகேட்:

பளுகல் அக்காவுக்கு நடந்தது கொடுமை. அதைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஆனாலும் எச்சரிக்கை வரி விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

அந்த முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாம் பார்ப்பது கேமராவின் வியூஃபைண்டர் வழியாக, நடுவில் குறுக்குக் கோடு. அடுத்து டைட்டில் ஓடும்போது அவன் அதே ரீலைத் தன் அறையில் போட்டுப் பார்க்கிறான். நாமும் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டாம் தடவை பார்க்கிறோம். யாரும் நம்மிடம் அனுமதி கேட்கவில்லை, ஆனால் பார்த்துவிட்டோம். அந்தக் கூச்சம்தான் இந்தப் படம். முன்னாலேயே விளக்கிவிட்டால் ‘நான் தயாராக வந்தவன், அவன் வேறு நான் வேறு’ என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

நான் 1990-களின் கடைசியிலிருந்து டிசம்பர் தோறும் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குத் தம்பானூர் பஸ் ஏறுகிறவன். 2013-இல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் அந்த விழாவுக்கு வந்தார். அவருடைய ‘மோபியஸ்’ திரையிட்டார்கள், படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது, வலியும் இச்சையும் ஒன்றாகக் குழைந்துபோன ஒரு குடும்பம். உள்ளே இடம் கிடைக்க அப்படி ஒரு தள்ளுமுள்ளு. தாங்கமுடியாதவர்கள் வெளியே வந்தார்கள், தாங்கியவர்கள் ராத்திரி முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். எங்களை யாரும் குழந்தைகளாக நடத்தவில்லை.

பளுகல் அக்கா:

சார், அந்த ‘மோபியஸ்’ படப்பிடிப்பில் ஒரு நடிகையை அறைந்ததற்காக அதே கிம் கி-டுக்குக்குப் பின்னால் கொரிய நீதிமன்றம் அபராதம் போட்டது உங்களுக்குத் தெரியும்தானே? நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசியபோது அவள் எங்கே இருந்தாள் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

கூச்சம் வர வேண்டும் என்கிறீர்கள். பார்க்கிறவனுக்கு வர வேண்டும், சரி. பார்க்கப்பட்டவளுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. அந்த அறையில் இரண்டு வகை ஆட்களும் ஒன்றாக இருந்தோம்.

கேமராக்காரன், மார்த்தாண்டம்:

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். பதினெட்டு வருடம் ஆகிறது. கடைசிவரை இருந்த 27 பேரில் ஒருவன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மலையாளப் பார்ட்டியும் வரும், தமிழ்ப் பார்ட்டியும் வரும். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஷாட் கட்டாயம் வேண்டும்: பெண் வீட்டை விட்டு இறங்கும்போது அழுகிற ஷாட். அம்மா கையை விடும்போது முகம் கோணும், அதைப் பிடிக்க வேண்டும். கார் கதவுக்கு வெளியே ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக வைத்திருப்பேன். பின்னால் மாமாமார் யாராவது நின்று ‘ஜூம் போடு, ஜூம் போடு’ என்பார்கள். அந்தப் பெண் ஒரு நொடி என்னைப் பார்ப்பாள். அழுகையை நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. அந்த நொடிதான் நல்ல ஷாட் என்று எங்கள் தொழிலில் பெயர்.

படத்தில் மார்க் ஒரு முகத்தை ஃப்ரேமுக்குள் கொண்டுவர ஸ்டாண்டை நகர்த்துவானே, கால் விரல் தரையில் தேடுகிற மாதிரி, அதே அசைவு எனக்கு இருக்கிறது. ஞாயிறு ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பேகைத் திறக்கவே இல்லை. டெலிகேட் சார் சொன்னது போல எனக்கு யாரும் முன்னால் சொல்லாததால்தான் இது உள்ளே இறங்கியது. ஆனால் அக்கா எழுதியதைப் படித்த பிறகு, என் மனசில் இறங்குவதற்காக அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

ஊரம்பு வழி:

இன்னொன்று கேட்க வேண்டும். படத்தில் அந்தச் சின்னப் பையனாக வருவது இயக்குநரின் சொந்த மகன் என்றும், கொடுமைக்கார அப்பாவாக வருவது இயக்குநரே என்றும் படித்தேன். உண்மையா?

குழித்துறையான்:

உண்மை. மகன் பெயர் கொலம்பா. பழைய ரீலில் வருகிற அப்பா, பவலேதான்.

பழைய டெலிகேட்:

அதைத்தான் நான் இந்தப் படத்தின் நேர்மை என்பேன். கேமரா வைத்திருப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது, ‘நானும் அதில் ஒருவன்’ என்று தன்னையே முதலில் ஏற்றினார். வேறொரு நடிகரைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்மாடியில் இருக்கிற மார்க்கின் ரகசியத்தை முதலில் மோப்பம் பிடிப்பது கீழ்வீட்டுப் பெண் ஹெலனின் கண் தெரியாத அம்மா. அவன் விளக்கைப் போட்டு அவர் முன்னால் நிற்கிறான், அவன் கருவி அங்கே தோற்றுப்போகிறது. அவருக்குக் கண்ணாடியைக் காட்டிப் பயமுறுத்த முடியாதே. பெண்ணை வெறுக்கிற படத்தில் இப்படி ஒரு பாத்திரம் வருமா?

ஊரம்பு வழி:

அந்த அம்மா பாத்திரம் நன்றாக இருக்கலாம், நான் அதுவரை பார்க்கவில்லை. ஆனால் பிள்ளை விஷயத்தில் விடமாட்டேன். தன்னைக் கூண்டில் ஏற்ற அவருக்கு உரிமை உண்டு. பையனை ஏற்ற யார் கொடுத்தது? ‘பயந்து அழு’ என்று சொன்னால் பிள்ளைக்கு நடிப்பு எது, அப்பா எது என்று தெரியுமா? என் மகன் திரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான் என்று எழுதினேனே, அவன் அப்பாவைத்தான் தேடினான்.

பளுகல் அக்கா:

இதில் ஊரம்பு அண்ணன் பக்கம்தான் நான்.

குழித்துறையான்:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். டெலிகேட் சாரிடம் போனிலும் பேசினேன், அவர் மாறவில்லை, அவர் மாற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் வாசகசாலை அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. அடுத்த மாதம் முதல் நோட்டீசில் மூன்று விஷயம் இருக்கும்: வயது, எத்தனை நிமிடம், எதைப் பற்றிய படம் என்று ஒரே வரி. கதையைச் சொல்லமாட்டோம். அந்த ஒரு வரியைப் பளுகல் அக்கா பார்த்துச் சரி சொன்ன பிறகு ஒட்டுகிறோம், அவருக்குச் சம்மதம் என்றால்.

பழைய டெலிகேட்:

வயதுக்கு நான் தடை இல்லை. அந்த ஒரு வரிக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பளுகல் அக்கா:

சம்மதம். அப்புறம் ஒரு உதவி. எனக்கு அந்தப் படம் பென் டிரைவில் வேண்டும். பேப்பர் கடைக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பகலில், என் வீட்டில், ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கேமராக்காரன், மார்த்தாண்டம்:

அக்கா, வியாழக்கிழமை பளுகல் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது. வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.