நூலகத்தில் திறந்த கட்டுரை வீட்டில் 39 டாலர் கேட்கிறது. உதவுங்கள்

பேச்சிப்பாறை_மாணவி:
அவசரம். கல்லூரி நூலகக் கணினியில் முழுதாகத் திறந்த ஆய்வுக் கட்டுரை வீட்டில் திறக்க மறுக்கிறது. முதல் பக்கம் மட்டும் தெரிகிறது. அதன் கீழே 39 டாலர் கட்டச் சொல்லி ஒரு சாம்பல் நிறக் கட்டம். செவ்வாய்க்கிழமை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும்.

திருவட்டாறு_வாசகன்:
எந்தத் தளம்? கணினியா, செல்போனா? உங்கள் கல்லூரி எப்படிப்பட்டது? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படி, தங்கச்சி?

கோட்டாறு77:
செல்போனாகத்தான் இருக்கும். குக்கீகளை எல்லாம் அழித்துவிட்டுப் பாருங்கள். மின்கட்டணம் கட்டும்போது எனக்கும் இப்படித்தான் மக்கர் செய்தது, அழித்ததும் சரியானது.

பேச்சிப்பாறை_மாணவி:
செல்போன்தான் அண்ணா. அழித்துப் பார்த்தேன், பயனில்லை.

வேணாடன்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இன்றைய மாணவர்களுக்கு இல்லை. கல்லூரி இணைப்பின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அந்த இணைப்புக்குரிய எண்ணைப் பார்த்துத்தான் பதிப்பாளர் தளம் அனுமதிக்கிறது. முதுகலைக்கு வந்தவருக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா? மேலும், 2025 ஜனவரியில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசின் ஆய்விதழ்த் திட்டம் வந்துவிட்டது. 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், மாணவர் எல்லோருக்கும் இலவசம்.

குழித்துறை_நூலகர்:
எல்லோருக்கும் என்று எழுதாதீர்கள் ஐயா. முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். மக்களே, உன் கல்லூரி அரசுடையதா, உதவி பெறுவதா?

பேச்சிப்பாறை_மாணவி:
உதவி பெறும் கல்லூரி. முதுகலை வரலாறு. பேச்சிப்பாறை அணை எழும்பிய 1897 முதல் 1906 வரையிலான காலமும் கோதையாற்றுப் பாசனமும் என் தலைப்பு. நூலகம் நான்கு மணிக்கு மூடுகிறது, எங்கள் ஊர் பஸ் மூன்றே முக்காலுக்கு. அதை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். அதனால்தான் வீட்டிலிருந்து படிக்கப் பார்க்கிறேன்.

திருவட்டாறு_வாசகன்:
இந்தத் தலைப்புக்கு ஒரு கட்டுரை போதாது, திருவனந்தபுரம் போக வேண்டும். அன்று நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அந்த அரசின் கோப்புகள் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. குழித்துறையில் ரயில் ஏறினால் நெய்யாற்றின்கரை தாண்டி இறங்க வேண்டியதுதான்.

வேணாடன்:
நம் கல்லூரிகள் இணைந்திருப்பது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு. திருநெல்வேலி பக்கத்து அபிஷேகப்பட்டியில் அதன் நூலகம் இருக்க, அடுத்த மாநிலத்துக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?

கோட்டாறு77:
பேச்சிப்பாறையிலிருந்து அபிஷேகப்பட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் பகல் முழுவதும் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

திருவட்டாறு_வாசகன்:
1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. காகிதக் கட்டுகள் எல்லாம் நம்மோடு கிளம்பி வந்துவிடவில்லை, வேணாடன் அவர்களே.

வேணாடன்:
நான் கோப்புகளைப் பற்றிப் பேசவில்லை, இதழ்களைப் பற்றிப் பேசுகிறேன்.

குழித்துறை_நூலகர்:
பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை கெடு. ரயிலையும் பஸ்ஸையும் பிறகு பேசுவோம். பல்கலைக்கழக வளாகங்களில் ஐபி முறை உண்டு, வேணாடன் சொன்னது அங்கே சரி. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அரசு மையமான இன்ஃப்ளிப்நெட் கல்லூரிகளுக்குத் தரும் மின்னிதழ்ச் சேவை என்-லிஸ்ட், அது வேறு மாதிரி. அதில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல். நூலகக் கணினியில் வேறு யாரோ உள்நுழைந்து அப்படியே விட்டிருப்பார்கள், அதனால் உனக்குத் திறந்திருக்கும். வீட்டில் கூகுளில் தேடி நேரே பதிப்பாளர் பக்கத்துக்குப் போனால் பணம்தான் கேட்கும். முதலில் என்-லிஸ்ட் பக்கத்தில் உள்நுழைந்து, அங்கிருந்து இதழுக்குப் போக வேண்டும். உனக்குக் கணக்கு இருக்கிறதா? கல்லூரி நூலகர்தான் மாணவர் பெயரைச் சேர்க்க வேண்டும், கடவுச்சொல் மின்னஞ்சலில் வரும். சேர்க்கையின்போது படிவம் எழுதிக் கொடுத்த நினைவு இருந்தால், நாளைக் காலை அந்த மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொல். என் மேசையில் அதிகம் கண்ட கோளாறு அதுதான். இன்று இரவு சும்மா இருக்காதே: ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும், படிக்கக் கணக்கே வேண்டாம்.

கோட்டாறு77:
என்ன ஆயிற்று தங்கச்சி?

திருவட்டாறு_வாசகன்:
செவ்வாயும் போய்விட்டது. ஒரு வரி எழுதுங்கள்.

பேச்சிப்பாறை_மாணவி:
மன்னியுங்கள், எழுத்து வேலையில் மூழ்கிவிட்டேன். நூலகர் அம்மா சொன்னதுதான். என் முகவரியில் இரண்டு ‘எஸ்’ வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் பதிந்திருந்தது. திருத்திய அன்றே கடவுச்சொல் வந்தது, கட்டுரை வீட்டிலேயே திறந்தது. அத்தியாயம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அப்பாவோடு திருவனந்தபுரம் போகிறேன்.